குண்டும் உறையும் சேரும் இடம்: 1857, டம்டம், ஆயுதச் சட்டம்

தமிழில் 'தோட்டா' என்னும் ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள்கள் அடங்கியிருக்கின்றன: பித்தளை உறை, அதன் அடியில் பதிக்கப்படும் பிரைமர், உள்ளே இடப்படும் வெடிமருந்து, உறையின் வாயில் செருகப்படும் குண்டு. 'உடலில் தோட்டா பாய்ந்தது' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. உண்மையில் பாய்ந்தது குண்டு மட்டுமே. உறை சுட்டவர் பக்கமே தங்கிவிடும். நான்கு பொருள்களுக்கும் ஒரே சொல் நிலைத்துவிட்டதால், அந்த நான்கையும் ஒன்றாக்கும் வேலை நம் கண்ணில் படுவதில்லை. இந்தப் பதிவு அந்த வேலையைப் பற்றியது. குண்டை மருந்தோடு சேர்ப்பவர் யார், எதைக் கொண்டு சேர்க்கிறார், யாருடைய அனுமதியோடு சேர்க்கிறார் என்ற கேள்வியை இந்திய வரலாற்றில் விடாமல் கேட்டுப் பார்த்தால், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, டம்டம் குண்டு, ஆயுதச் சட்டம் ஆகிய மூன்றும் ஒரே கதையின் மூன்று பகுதிகளாகத் தெரிகின்றன என்பதே என் வாதம்.

பொருத்தும் கருவி

முதலில் அந்தச் சேர்க்கை இன்று எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். சுட்டு முடித்த உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வேட்டைக்காரர்களிடமும் போட்டித் துப்பாக்கி வீரர்களிடமும் பரவலாக உண்டு. பழைய பிரைமரை நீக்குவது, சுடும்போது விரிந்த உறையை முந்தைய அளவுக்கு ஒடுக்குவது, புதிய பிரைமரைப் பதிப்பது, மருந்தை அளந்து இடுவது ஆகியவை முடிந்தபின் எஞ்சியிருப்பது குண்டைப் பொருத்துவது. அதற்குரிய கருவியை 'சீட்டிங் டை' என்கிறார்கள்.

அது உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகு உருளை. வெளிப்புறத்தில் திருகுப் புரிகள் இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி என்ற ஒரே அளவைப் பின்பற்றுவதால், ஒருவரின் டை மற்றொருவரின் பிரஸ்ஸில் பொருந்தும். உருளையின் உட்புறம் உறையின் வடிவத்திலேயே குடையப்பட்டிருக்கும். மேலே, திருகினால் ஏறி இறங்கும் ஒரு தண்டு. அதன் கீழ்முனை குண்டின் மேல்வளைவு உட்காரும்படி குழிக்கப்பட்டிருக்கும். உறையின் வாயில் குண்டைக் கையால் நிறுத்தி நெம்புகோலை இழுத்தால், உறை டைக்குள் மேலேறுகிறது. சுவர்கள் உறையை நேராகப் பிடித்துக்கொள்கின்றன. குண்டின் தலை தண்டில் முட்டி நின்றுவிட, உறை மட்டும் தொடர்ந்து ஏறுகிறது. பார்ப்பவருக்குக் குண்டு இறங்குவதுபோல் தோன்றினாலும், அசையாமல் நிற்பது குண்டுதான். வந்து சேர்வது உறை. இலக்கணத்தின் மொழியில் சொன்னால், குண்டு நிலைமொழி, உறை வருமொழி.

தண்டு குண்டின் கூர்முனையைத் தொடாமல், அதற்குக் கீழேயுள்ள வளைவைப் பற்றுவதற்கும் காரணம் உண்டு. கூர்முனைகள் குண்டுக்குக் குண்டு சற்றே வேறுபடும். வளைவு அவ்வளவு வேறுபடுவதில்லை. முனையை அளவாகக் கொண்டால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வோர் ஆழத்தில் உட்காரும். ஆழம் பிசகினால் விளைவு சிறியதன்று. குண்டு அதிக ஆழத்தில் அமர்ந்தால் உறைக்குள் வெற்றிடம் குறைந்து அழுத்தம் ஏறும். மிக மேலே நின்றால் குழலின் சுழல் பள்ளங்களில் முன்கூட்டியே முட்டி, அப்போதும் அழுத்தம் ஏறும். குண்டைப் பிடித்து வைப்பது பசையோ ஆணியோ அன்று; உறையின் கழுத்து குண்டைவிட அங்குலத்தில் ஓரிரு ஆயிரத்திலொரு பங்கு குறுகலாக இருப்பதால் உண்டாகும் இறுக்கமே. சில தோட்டாக்களில் இதற்கு மேலும் ஒரு பிடிப்பாக, உறையின் விளிம்பைக் குண்டில் உள்ள வரிப்பள்ளத்துக்குள் மடித்துவிடுவதும் உண்டு. அந்த மடிப்பையும் பெரும்பாலும் இதே டைதான் செய்கிறது.

ஆக, கண்ணுக்குத் தெரியாத ஓர் இறுக்கமும் ஓர் ஆழமும்தான் நான்கு பொருள்களை ஒரு தோட்டாவாக்குகின்றன. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே வேலையை வங்காளத்துச் சிப்பாய் ஒருவர் தம் பல்லாலும் புயத்தாலும் செய்துகொண்டிருந்தார்.

பல்லும் கோலும்

1853ஆம் ஆண்டு மாதிரியான எண்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா, காகிதத்தால் சுற்றிய சிறு பொட்டலம். ஒரு முனையில் மருந்து; மறுமுனையில் குண்டு, அதன் தலை மருந்தை நோக்கி உள்முகமாக இருக்கும்படி தலைகீழாக வைக்கப்பட்டிருக்கும். சிப்பாய் மருந்துள்ள முனையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். பிறகு தோட்டாவைத் திருப்பி, குண்டுள்ள முனையைக் குழல்வாயில் செருகி, மிஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்து, கோலால் கெட்டிக்க வேண்டும். குண்டும் மருந்தும் இறுதியாகச் சேர்ந்து உட்காரும் இடம் துப்பாக்கிக் குழலின் அடி. சேர்த்து வைக்கும் கருவி சிப்பாயின் கை.

குழலில் சுழல் பள்ளங்கள் இருந்ததால் கொழுப்பு தேவைப்பட்டது. பழைய வழவழப்பான குழலில் குண்டு தளர்வாக இறங்கிவிடும். எண்ஃபீல்டிலோ சுடும்போது குண்டு விரிந்து பள்ளங்களைப் பற்ற வேண்டும். சில முறை சுட்டதும் மருந்துக் கரி படிந்து அடுத்த குண்டு இறங்க மறுக்கும். ஆகவே குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தின் வெளிப்புறத்தில் மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்து பூசினார்கள். அதாவது, கடிக்கப்பட்ட முனை வேறு, கொழுப்புப் பூசிய முனை வேறு. விரல் நீளமே உள்ள ஒரு பொட்டலத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் ஆறுதல் தந்திருக்காது என்பது தனிச் செய்தி.

ஐயம் எங்கே பிறந்தது

கல்கத்தாவை அடுத்த டம்டம், எண்ஃபீல்டுப் பயிற்சிக்காக ஏற்படுத்தப்பட்ட மூன்று மையங்களில் ஒன்று; மற்றவை அம்பாலாவும் சியால்கோட்டும். டம்டம் மையத்தைச் சேர்ந்த கேப்டன் ரைட் 1857 ஜனவரி 22 அன்று எழுதிய கடிதம் வரலாற்று நூல்களில் பலமுறை எடுத்தாளப்பட்டது. ஆயுதக் கிடங்கின் கலாசி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் தண்ணீர் கேட்கிறார். சாதியைக் காரணம் காட்டிச் சிப்பாய் தம் சொம்பைத் தர மறுக்கிறார். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப் போகிற உமக்குச் சாதி எங்கே நிலைக்கப் போகிறது என்ற பொருளில் கலாசி திருப்பிக் கேட்கிறார். அந்தச் செய்தி பரவுகிறது.

இந்த நிகழ்வைச் சமய உணர்வின் கதையாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். தொழில்நுட்பத்தின் பக்கமிருந்து படித்தால் வேறொன்று புலப்படுகிறது. சிப்பாய் தோட்டாவைப் பயன்படுத்துபவர். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கலாசி கிடங்கில் வேலை செய்பவர். தோட்டா ஆக்கப்படும் இடத்துக்கு அருகில் இருப்பவர். கொழுப்பைப் பற்றிப் பின்னர் நடந்த விசாரணையில், அது எந்த விலங்கினுடையது என்பதை உறுதிசெய்யத் தனிக் கவனம் எதுவும் எடுக்கப்படவில்லை என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதாவது, அதிகாரிகள் அறிந்திராத அல்லது அறிய விரும்பாத ஒன்றைக் கிடங்கின் கடைநிலை ஊழியர் பேசியிருக்கிறார்.

அரசு விட்டுக்கொடுக்காமல் இல்லை. சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் மசகைத் தாங்களே வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்றது. பல்லுக்குப் பதிலாக விரலால் கிழிக்கும்படி பயிற்சி முறையையும் மாற்றியது. ஆனால் ஐயம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. புதிய காகிதத்தின் மினுமினுப்பே கொழுப்பின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. பெர்ஹாம்பூரில் 1857 பிப்ரவரி 26 அன்று 19ஆவது படைப்பிரிவினர் தோட்டாவை ஏற்க மறுத்தபோது, அவர்களுக்கு வழங்கப்பட்டவை பழைய துப்பாக்கிக்கான தோட்டாக்களே. இரண்டு தொகுப்புகளின் காகித நிறம் மட்டும் வேறுபட்டிருந்தது. மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 3ஆவது குதிரைப்படையின் 85 வீரர்கள் மறுத்தவையும் பழைய வகைத் தோட்டாக்களே. மே 9 அன்று அவர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் மீரட் எழுந்தது.

கொழுப்பே இல்லாத தோட்டாக்களும் மறுக்கப்பட்டன என்பதை 'மூடநம்பிக்கை' என்று காலனிய எழுத்தாளர்கள் பலர் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. கண்ணால் சோதித்து அறிய முடியாத பொருள் ஒன்றை, அதை ஆக்கியவர்மேல் நம்பிக்கை இல்லாதபோது, ஒருவர் வாயில் வைக்க மறுப்பது பகுத்தறிவுக்கு மாறான செயல் அன்று. கிளர்ச்சிக்கு நிலவரி, அயோத்தி இணைப்பு, படி குறைப்பு எனப் பல காரணங்கள் இருந்தன. தோட்டா அவற்றுள் முதன்மையானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தனை அவநம்பிக்கைகளும் கைக்குள் அடங்கும் ஒரு வடிவம் பெற்றது அங்கேதான்.

பித்தளை உறை: சேர்ப்பவர் மறைகிறார்

கிளர்ச்சிக்குப் பின் ஆட்சியாளர்கள் எடுத்த முடிவுகளுள் ஒன்று, சிப்பாயின் கையில் ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதம் இருக்க வேண்டும் என்பது. எண்ஃபீல்டின் சுழல் பள்ளங்களைக் கடைந்தெடுத்து வழவழப்பாக்கிய துப்பாக்கிகள் இந்தியப் படைப்பிரிவுகளுக்காகவே செய்யப்பட்டன. தொலைவில் குறி தவறும்படி திட்டமிட்டே குறைக்கப்பட்ட ஆயுதம் அது.

இதற்கிடையில் இங்கிலாந்தின் வுல்விச்சில் இருந்த அரசு ஆய்வகத்தின் தலைவர் எட்வர்ட் பாக்ஸர், 1866இல் ஸ்னைடர் துப்பாக்கிக்காக உலோகத் தோட்டா ஒன்றை உருவாக்கினார். பித்தளைத் தகட்டைச் சுருட்டிய உறை, அதன் அடியில் பிரைமர், வாயில் குண்டு. குண்டும் மருந்தும் சேரும் இடம் அன்றுமுதல் துப்பாக்கிக் குழலிலிருந்து தொழிற்சாலைக்கு மாறியது. சிப்பாய் இனி கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, கெட்டிப்பதில்லை. பின்புறம் திறந்து உள்ளே இடுகிறார், சுடுகிறார். டம்டம்மிலும், 1869இல் புனேக்கு அருகே கிர்க்கியில் தொடங்கிய ஆலையிலும் தோட்டாக்கள் உருவாயின. கிர்க்கித் தோட்டாவின் அடியில் 'கே.எஃப்.' என்ற முத்திரை பொறித்தார்கள். தோட்டாவை ஆக்கிய கை மறைந்து, ஆலையின் பெயர் நின்றது.

பாக்ஸரின் பிரைமர் அமைப்பே, அவர் எதிர்பார்த்திருக்க முடியாத வகையில், வீட்டில் தோட்டா நிரப்பும் வழக்கத்துக்கு வழி திறந்தது. அவருடைய முறையில் பிரைமருக்கும் மருந்துக்கும் இடையே நடுவில் ஒரே துளை. மேலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் வெளியே வந்துவிடும். அமெரிக்கரான பெர்டானின் முறையில் நடுவே ஒரு முளையும் அதன் பக்கங்களில் சிறு துளைகளும் இருப்பதால், அதை நீக்குவது தொல்லை. வரலாற்றின் விளையாட்டு என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவின் ஐடியல் நிறுவனம், பாக்குவெட்டிபோல் கையில் பிடித்து அழுத்தும் நிரப்புக் கருவிகளை விற்றது. இன்றைய சீட்டிங் டை அந்தக் கருவியின் வழிவந்ததே. அங்கே, தொழிற்சாலை பறித்துக்கொண்ட வேலை மீண்டும் தனிமனிதரின் மேசைக்குத் திரும்பியது. இந்தியாவில் அப்படித் திரும்பவில்லை.

டம்டம், மீண்டும்

1857இல் கேள்வி குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பற்றியதாக இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே டம்டம்மில் கேள்வி குண்டின் மேல் போர்வையைப் பற்றியதாயிற்று. புகையற்ற மருந்தான கார்டைட்டின் வேகத்தைத் தாங்க, .303 தோட்டாவின் ஈயக் குண்டுக்குக் குப்ரோநிக்கல் போர்வை இடப்பட்டது. கார்டைட் நூலிழைகள் போன்றது. உறையின் கழுத்து ஒடுக்கப்படுவதற்கு முன்பே இழைக்கட்டை உள்ளே நிறுத்தி, பிறகு கழுத்தை ஒடுக்கி, கடைசியில் குண்டைப் பொருத்தினார்கள். தொழிற்சாலைக்கு வெளியே எவரும் எளிதில் செய்ய இயலாத வரிசை இது. நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆலை இந்த மருந்துக்காகவே அமைந்தது. இன்றும் அதன் பெயர் கார்டைட் தொழிற்சாலைதான்.

1895ஆம் ஆண்டுச் சித்ரால் போரில், போர்வையிட்ட குண்டு உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடுகிறது, எதிரி நிற்பதில்லை என்ற புகார் எழுந்தது. டம்டம் ஆலைக் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே குண்டின் தலையில் மட்டும் போர்வையைக் குறைத்து ஈயம் வெளித்தெரிய விட்டார். உடலில் பட்டதும் குண்டு விரிந்தது. 1897–98இன் திராப் போரில் அது வடமேற்கு எல்லைப் பழங்குடியினர்மேல் பயன்பட்டது. அதில் ஒரு குறையும் இருந்தது. போர்வையின் அடி ஏற்கெனவே திறந்திருக்க, தலையும் திறக்கப்பட்டதால், சுடும்போது ஈயம் மட்டும் பறந்து, போர்வை குழலிலேயே தங்கிவிடும் இடர் ஏற்பட்டது. அடுத்த குண்டு அதில் மோதினால் ஆபத்து சுடுபவருக்கே.

1899 ஜூலை 29 அன்று ஹேகில் உடலில் விரியும் குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனம் ஏற்கப்பட்டது. பிரிட்டன் எதிர்த்தது. நாகரிக நாட்டுப் படைவீரன் அடிபட்டால் விழுந்துவிடுவான், 'காட்டுமிராண்டி' விழாமல் ஓடிவருவான் என்பது அதன் பேராளர் சர் ஜான் ஆர்டாவின் வாதத்தின் சாரம். 1907இல்தான் பிரிட்டன் அந்தப் பிரகடனத்தில் இணைந்தது. ஆனால் மேடு, பீரங்கி மேடை என்னும் பொருள்படும் 'தம்தமா' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஊர்ப்பெயர், அதற்குள் ஐரோப்பிய மொழிகளில் ஒரு கொடுமையின் பெயராகிவிட்டது. முடிவெடுத்தவர்களின் நகரங்கள் எதுவும் அப்படிப் பெயர்ச்சொல்லாகவில்லை என்பதை மொழியியல் மாணவர்கள் கவனிக்கலாம்.

சட்டம் எதைப் பிடித்தது

1857இலும் 1860இலும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. அவற்றின் முழு வளர்ச்சி, லிட்டன் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம். அதில் 'வெடிபொருள்' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட வரையறை மீண்டும் மீண்டும் படிக்கத் தக்கது. தோட்டாவின் எல்லா உறுப்புகளும், அதை ஆக்கும் எல்லா இயந்திரங்களும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றும் அடங்கா. மூலப்பொருள்கள் சந்தையில் கிடைக்கலாம். மருத்துவருக்கும் சாயத் தொழிலாளிக்கும் பட்டாசு செய்பவருக்கும் அவை தேவை. சட்டம் கைவைத்தது பொருள்களின்மேல் இல்லை. அவற்றைச் சேர்க்கும் செயலின்மேல்.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் வெடிபொருளின் வரையறைக்குள் தோட்டாவின் உறுப்புகளையும் அதை ஆக்கும் இயந்திரங்களையும் தக்கவைத்துக்கொண்டது. சொல்லுக்குச் சொல் படித்தால், ஒரு பிடி மருந்துகூடக் கலவாத எஃகு உருளையாகிய சீட்டிங் டையும் இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெடிபொருள்தான். உரிமம் இல்லாமல் தோட்டா ஆக்குவது குற்றம். அந்தக் கட்டுப்பாடு தளர வேண்டும் என்பது என் கருத்து அன்று; வீட்டுக்கு வீடு தோட்டா நிரப்பும் நாட்டைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். நான் சுட்ட விரும்புவது, அந்த வரையறை எந்த அச்சத்திலிருந்து பிறந்தது என்பதை மட்டுமே.

ஏனெனில் 1878இல் அந்தச் சட்டம் எல்லோரையும் ஒன்றுபோல் கட்டவில்லை. ஐரோப்பியர்களுக்கு விலக்குகள் இருந்தன. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது அமர்வில் இளைஞரான விபின் சந்திர பால் இந்தச் சட்டத்தை நீக்கக் கோரிப் பேசினார். இந்தியரை நம்பாத சட்டம் என்பதே அன்றைய எதிர்ப்பின் மையம். 1857இல் சிப்பாய் ஆக்குபவரை நம்பவில்லை. 1878இல் ஆட்சியாளர் சேர்ப்பவரை நம்பவில்லை. இரண்டு அவநம்பிக்கைகளும் சந்திக்கும் புள்ளி, குண்டும் உறையும் சேரும் அதே இடம்.

எஞ்சியிருப்பது

இந்தியிலும் உருதுவிலும் தோட்டாவைக் 'கார்தூஸ்' என்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்த அந்தச் சொல்லின் வேர், காகிதம் என்று பொருள்படும் 'கார்தா'. காகிதம் போய்ப் பித்தளை வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆனபின்பும், சொல் காகிதத்தை விடவில்லை. பொருள் மாறினாலும் பழைய உறவைச் சொல் காத்து வைக்கிறது. ஆவணங்கள் பல நேரம் அப்படிக் காப்பதில்லை.

எண்ஃபீல்டு என்பது ஓர் ஆலையின் பெயர். பாக்ஸர், பெர்டான் ஆகியோரின் பெயர்கள் பிரைமர்களில் வாழ்கின்றன. பெர்ட்டி-கிளேயின் பெயர் டம்டம் குண்டைப் பற்றிய நூல்களில் வருகிறது. டம்டம் கிடங்கில் தண்ணீர் கேட்ட கலாசியின் பெயரை மட்டும் கேப்டன் ரைட் எழுதி வைக்கவில்லை. கேப்டனின் கடிதத்தில் அவர் ஒரு வதந்தியின் தொடக்கமாக மட்டும் வந்து மறைகிறார். அந்த உரையாடல் சொன்னபடியே நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறலாம், ஐயுறவும் செய்கிறார்கள். ஆனால் தோட்டா எப்படி ஆகிறது என்பதை அறிந்தவர்கள் அதைச் சுடுபவர்களாகவோ ஆணையிடுபவர்களாகவோ இல்லாமல், ஒரு சொம்புத் தண்ணீருக்கும் தகுதியற்றவர்களாக வைக்கப்பட்டவர்களாக இருந்தார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 1857இன் தொழில்நுட்ப வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளர் தொடங்க வேண்டிய இடம் துப்பாக்கியும் அன்று, கொழுப்பும் அன்று. கிடங்குகளின் கூலிப் பட்டியல்களில் தொடங்கலாம்.